தரையில் தங்கும் கேஸ்

துரைராஜ் காலிங் பெல்லை அமுக்கமாட்டார். கைப்பேசியை அணைத்து ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு மாடியேறி, விரல் முட்டியால் கதவைத் தட்டுவார். "பெல்லு கீறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று மந்தைவெளியில் ஒரு பெரியவர் எரிந்து விழுந்தார். "கேஸ் லீக்காவுதுன்னு கூப்டுட்டு பெல்லு அமுக்கச் சொல்றியே மாமா, ஒரு பொறி போதும், உன்ன மேல அனுப்பவா?" என்றார் துரைராஜ்.

இருபத்தாறு வருடமாக அடுப்பு மெக்கானிக். சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் பர்னர் குத்தும் ஊசி. தோள்பையில் சோப்புத் துண்டு, முடி உதிர்ந்த ஷேவிங் பிரஷ், கைநிறைய ரப்பர் வாஷர். அடுப்பை அவன் என்பார், சிலிண்டரை அவள் என்பார். தான் சரிசெய்த அடுப்பில் கொதித்த டீயைத்தான் குடிப்பார்.

போன வியாழக்கிழமை அடையாறு காந்தி நகரிலிருந்து அழைப்பு. ஜப்பானிலிருந்து வந்து இரண்டு மாதமான யூமியின் வீடு. அங்கே வேலை செய்யும் பாஞ்சாலி புது சிலிண்டரை மாட்டியிருக்கிறாள். நாற்றம் கிளம்பியதும் ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே ஓடி துரைராஜுக்கு போன் போட்டிருக்கிறாள்.

அவர் தட்டியதும் பாஞ்சாலிதான் கதவைத் திறந்தாள். "வா நைனா. நாத்தம் கொடலப் புடுங்குது. இந்தம்மா இன்னாடான்னா, மேல கீற டப்பா கத்தல, ஒண்ணுமில்லன்றாங்க."

கூரையை ஒட்டி ஒரு வெள்ளை டப்பா. கேஸ் கசிந்தால் கத்தும் கருவி. யூமி ஊரிலிருந்து கொண்டுவந்து, அங்கே மாட்டுகிற உயரத்தில் மாட்டியது. அதன் மௌனத்தை நம்பி, எட்டு மாதக் குழந்தையைத் தரையில் விடக் குனிந்துகொண்டிருந்தாள்.

"கொழந்தைய கீழ வுடாதீங்க மேடம்!"

அவர் சத்தம் போட்டுப் பாஞ்சாலி கேட்டதில்லை. யூமி நிமிர்ந்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் பாஞ்சாலி கற்றுக்கொடுத்தது. "இன்னா நைனா, இன்னா?"

பாஞ்சாலிக்குச் சிரிப்பு வந்தது. துரைராஜுக்கு வரவில்லை. "உங்க ஊரு பைப்பு கேஸ் மேல போவும். இவ வெயிட்டு. கீழதான் படுத்துகினு கீறா." இரண்டு உள்ளங்கைகளையும் கவிழ்த்து முழங்காலுக்குக் கீழே இறக்கிக் காட்டினார்.

யூமி டப்பாவைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். குழந்தை வீறிடும்படி அதை இறுக்கிக்கொண்டாள்.

"வெளிய வராண்டால நில்லுங்க. யாரும் ஃபேன் ஸ்விட்ச தொடாதீங்க." பால்கனிக் கதவை விரியத் திறந்து, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைத்தார். ரெகுலேட்டரைக் கழற்றி அதன் வாய்க்குள் பார்த்தால் வாஷரே இல்லை.

"மாட்டறதுக்கு முன்னால உள்ள பாக்க மாட்டியா பாஞ்சாலி?"

"சீலு மூடியப் பிச்சேன், மாட்டுனேன். அதும் வாய்க்குள்ள எட்டிப்பாக்க நான் இன்னா பல்லு டாக்டரா?"

புது வாஷர் வைத்து ரெகுலேட்டரை மாட்டி, சோப்பு நுரையைத் தடவினார். ஒரு குமிழிகூட எழவில்லை. நம் சிலிண்டருக்கென்றே விற்கும் அலாரத்தை வாங்கி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டச் சொன்னார்.

அரை மணி நேரம் கழித்து இருவரையும் உள்ளே கூப்பிட்டார். "நாத்தம் போயிடுச்சு, புள்ளைய எறக்கி வுடும்மா" என்றாள் பாஞ்சாலி. யூமி இறக்கவில்லை. துரைராஜையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் சமையலறை வாசலில் குப்புறப் படுத்தார். கன்னத்தை டைல்ஸில் ஒட்டி, கண்ணை மூடி, மெல்ல மூச்சிழுத்தார். ஊர்ந்து சோபாவுக்கு அடியில் தலையை நுழைத்து அங்கேயும் இழுத்தார். பிறகு, எழுந்திருக்காமலே, யூமியைப் பார்த்து உள்ளங்கையால் தரையை இரண்டு முறை தட்டினார்.