துண்டுக்குள் முடிந்த விலை

எழுபதுகளின் கடைசியில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. இரட்டை சைலன்சர் வைத்த சிவப்பு ரேஸ் பைக். போடியில் ஒரு வங்கியில் குமாஸ்தா நான். வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். அந்த வேலைக்கு ரேஸ் பைக் தேவையே இல்லை. மாமா வீட்டுத் தெருவில் அந்த வண்டியில் சீறிக்கொண்டு போக வேண்டும், மாடியிலிருந்து அவள் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அவள் என்றால் மாமா மகள், அம்மாவின் தம்பி மகள். எனக்குத்தான் என்று இரண்டு வீட்டிலும் பேசியாகிவிட்டது. தை மாதம் தட்டு மாற்றுவதாக இருந்தது.

மாமா ஏலக்காய்த் தரகர். பஜாரில் அப்போதெல்லாம் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கும், உள்ளே விரலைப் பிடித்தே பேரம் நடக்கும். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியக்கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு. பணம் கைமாறும்வரை யாரும் விலையை உச்சரிக்கக் கூடாது. உச்சரித்தால் பேரம் அத்தோடு சரி. மாமா பிடித்த விரலுக்கு மறுபேச்சு கிடையாது என்பார்கள்.

தேனி ஷோரூமுக்கு நாலைந்து வண்டிகள் வந்திருந்தன. போர்டில் போட்ட விலை ஒன்று. அதற்கு மேல் கம்பி, கண்ணாடி, சீட் கவர் என்று ‘பிட்டிங்ஸ்’ கணக்கில் இன்னொரு அறுநூறு ரூபாய். பிட்டிங்ஸ் வேண்டாம் என்றால் வண்டியும் கிடையாது. பகல் கொள்ளை. கேள்விப்பட்டதும் மாமா கொதித்துப் போனார்.

“ஏலே மாப்ள, தனியாப் போயி ஏமாறாத. நானும் வாரேன், நியாய வெலைக்கு முடிச்சுத் தாரேன்.”

வங்கியில் என் பக்கத்து சீட்டுக்காரர் காதில் ஓதினார்: “தரகரு சொந்தமா இருந்தாலும் தரகருதான் சார். ரெண்டு பக்கமும் வாங்கிருவாக.” அவர் பேச்சை நான் சிரித்துத் தள்ளியதாகத்தான் நினைத்தேன்.

ஷோரூம் மேனேஜர் டை கட்டியிருந்தார். ஆளைப் பார்த்தால் பம்பாய், வாயைத் திறந்தால் சின்னமனூர். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்ததும் அவர் ஒருமுறை சுற்றிலும் பார்த்துவிட்டுத் தானாகவே கையை உள்ளே விட்டார். வண்டி வாங்க வந்த இன்னும் மூன்று பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். துண்டு அசைந்தது. மேனேஜர் புருவம் ஏறி இறங்கியது. மாமா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கையை எடுத்ததும் மாமா என்னிடம் வந்தார். “பணத்த இங்கன குடுடா. நாங் கட்டிட்டு வாரேன். வெலய வெளிய வச்சுச் சொல்றேன்.”

முறைப்படிதான் கேட்டார். எனக்கு அது முறையாகப் படவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் ஓதியது அப்படியே மேலே வந்தது. பணப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

“எவ்வளவுக்கு முடிச்சீகன்னு இங்கனயே சொல்லுங்க மாமா. அதுல உங்களுக்கு எவ்வளவுன்னும் சேத்துச் சொல்லுங்க.”

வரிசையில் இருந்தவர் ஒருவர் எழுந்துவிட்டார். “என்ன சார், வெல கொறைக்கிறீகளா? அப்ப எங்களுக்கும் கொறைங்க.”

மேனேஜர் சட்டென்று பின்வாங்கினார். “யாரு கொறைச்சா? பிக்ஸட் ரேட். பெரியவரு கையப் பிடிச்சாரு, மரியாதைக்கு விட்டேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். முடித்த விலையை மாமா அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். அந்தப் புளுகனுக்காகவும் அவர் முறையை விடவில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். நான் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு ரேஸ் பைக்கில் ஊர் வந்தேன். வழியில் ஒரு பஸ்ஸை முந்தினேன். மாமா அதில்தான் இருந்தார்.

பத்து நாள் கழித்து அந்த ஷோரூம் கேஷியர் பணம் கட்ட என் கவுண்டருக்கு வந்தார். “பிட்டிங்ஸ் அறுநூறையும் உங்க மாமா தள்ளுபடி பண்ண வச்சிட்டாக சார். தனக்குன்னு ஒத்த விரல்கூடக் கேக்கலயாம், மேனேஜரே சொன்னாரு. நீங்கதான் கெடுத்தீக.” நோட்டை எண்ணுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த மேனேஜரைச் செருப்பால் அடிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் மாமாவை அசிங்கப்படுத்தியது அவர் அல்ல, நான்.

தட்டு மாற்ற நாள் கேட்டு அம்மா போனாள். “யோசிச்சுச் சொல்றேன்க்கா” என்று மாமா அனுப்பிவிட்டார். அப்புறம் நானே பஜாருக்குப் போனேன். வண்டியை எடுக்கவில்லை, நடந்து போனேன்.

“வாங்க தம்பி, உக்காருங்க” என்றார். பிறந்ததிலிருந்து அவர் வாயில் எனக்கு மரியாதை வந்ததே இல்லை. அந்த ‘வாங்க’வில் எனக்குக் கண் கலங்கியது. மன்னிப்புக் கேட்கிற மாதிரி, அவர் தோளிலிருந்து துண்டை எடுத்து எங்கள் கையை மூடி, அவருடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். உள்ளே அந்தக் கை கட்டையாகக் கிடந்தது.

மாமா துண்டை உருவினார்.

“தம்பிக்கு வாயால சொன்னாத்தான் நம்பிக்க” என்றவர், நாலு கடைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “எம் பொண்ண உங்களுக்குத் தரல.”