காய்ச்சலில் போன காது

இருபது வருஷமாகப் படப்பிடிப்புகளில் ஒலிப்பதிவுக்கு மைக் பிடிக்கிறேன். காதில் விழுந்ததைக் கேட்டுக் காதையே கழுவத் தோன்றியது ஓர் ஆவணப்படத்தில்தான். இயக்குநர் தன் சொந்தக் குடும்பத்தின் காயத்தைப் படமாக்குகிறாராம். நடந்ததை அனுபவித்தவர்களே நடித்துக் காட்ட வேண்டுமாம். காயம் என்னவோ அவருடையது இல்லை, அவருடைய அக்காவுடையது.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ரத்தமும் மலமும் ஒட்டிய விரிப்புகளைப் பிரித்து இயந்திரத்தில் திணிக்க வேண்டும். வலது காது சுத்தமாகக் கேட்காது. "அந்த இரைச்சல்ல எல்லாருக்குமே அரைக் காதுதான், எனக்கென்ன நஷ்டம்?" என்று சிரிப்பார். யாரோடு நடந்தாலும் அவர்களை இடப்பக்கம் இழுத்துவிட்டுக்கொள்வார்.

ஒன்பது வயதில் அப்பா அறைந்து போன காது அது. வீட்டில் மட்டும் அதற்குப் பெயர் காய்ச்சல். அம்மா சாகும்வரை அப்படித்தான் சொன்னாராம். அப்பா இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார். காய்ச்சல் இல்லை என்று அந்த வாயிலிருந்து ஒரே ஒரு தடவை வர வேண்டும். அக்கா படத்துக்கு ஒத்துக்கொண்டது அதற்காக மட்டும்தான்.

"படம் எடுக்கிற அன்னைக்கு அப்பாவும் வரணும்" என்று நிபந்தனை போட்டார். தம்பிக்கு வாயெல்லாம் பல்.

ஒரு வாடகை வீட்டுச் சமையலறையில் படப்பிடிப்பு. ஐம்பதை நெருங்கும் அந்த அம்மாளுக்கு இரட்டைச் சடை, பள்ளிச் சீருடை. உள்ளே இருக்கும் குழந்தை வெளியே வரும் என்றார் இயக்குநர். சீருடைக் காலரில் மைக்கைக் குத்தும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவே கூசியது.

அப்பா வேடத்துக்கு டிவி தொடர்களில் போலீஸாக வரும் நடிகர். நிஜ அப்பா கேமராவுக்குப் பின்னால் கால்மேல் கால் போட்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். யார் எதைச் செய்தாலும் அதில் குறை கண்டுபிடிக்காவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். வந்ததிலிருந்து டிரைவருக்கு வண்டி திருப்பச் சொல்லிக்கொடுத்தார், லைட்டை நகர்த்தச் சொன்னார், வயர் சுருட்டுவது எப்படி என்று எனக்கே பாடம் எடுத்தார்.

"மேடம், அன்னைக்கு எந்தக் கையால அடிச்சார்?" என்று நடிகர் கேட்டார்.

"வலது கை" என்றார் அக்கா.

நடிகர் வலது கையை ஓங்கினார். மறுபடி எடுத்தார்கள். அதற்குமேல் அப்பாவால் பொறுக்க முடியவில்லை, எழுந்து வந்துவிட்டார்.

"என்னய்யா, ஈ ஓட்டற மாதிரி அடிக்கறே? நான் இடது கைக்காரன். இப்படி நின்னு இப்படி விட்டா நேரா வலது காதுல விழும். ஒரே அடி, சுருண்டுட்டா."

பிஸ்கட் தூள் ஒட்டிய இடது கை அக்காவின் காதருகே வந்து நின்றது. அந்த முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அக்கா அசையவில்லை. "அப்ப காய்ச்சல் இல்லையாப்பா?"

"காய்ச்சலாவது கத்திரிக்காயாவது! என் அடியில போனதுதானே?" சொல்லிவிட்டு நடிகரின் தோளைத் திருப்பிச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

அக்கா ஏன் கையை மாற்றிச் சொன்னார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தம்பி என்ன செய்தான் தெரியுமா? ஆமாம், அவனுக்கு இனி என்ன மரியாதை! ஓடிப்போய் அப்பனைக் கட்டிக்கொண்டான். "சூப்பர்ப்பா! இன்னொரு தடவை, கொஞ்சம் அழுதுகிட்டே சொல்லுங்க. அழுதாத்தான் எடுபடும்."

"கண்ணுல தண்ணி வர ஏதோ ஊத்துவாங்களே, அது இருக்கா?" என்று கேட்டார் பெரியவர். கிளிசரின் இருந்தது.

அக்கா மைக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "பதிவாச்சா?"

"ஆச்சுக்கா."

சடையைப் பிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

படத்தை ஒரு விழாவில் போட்டார்கள். அப்பா தேம்பித் தேம்பி அழுதார். அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. நான் உட்கார்ந்தே இருந்தேன். மறுநாள் சலவைக்கூடத்துக்குப் போனேன். அக்கா என்னை இடப்பக்கம் இழுத்துக்கொண்டார்.

"படத்துல என்ன சொல்றார்?"

எனக்குச் சொல்லவே நாக்கூசியது. "காய்ச்சல்ல கிடந்த பிள்ளை மேல தெரியாம கை பட்டுடுச்சுன்னு அழறார்க்கா. மத்ததை உங்க தம்பி வெட்டிட்டான். அன்னைக்குப் பேசினது என்கிட்ட அப்படியே இருக்கு, தரட்டுமா?"

கறை படிந்த விரிப்பு ஒன்றை உதறி இயந்திரத்துக்குள் திணித்தார் அக்கா.

"வேணாம்ப்பா. எனக்கு அன்னைக்கே கேட்டுடுச்சு."