ஏழாவது மடுவுக்கு ஒரு சேஃப்டி ஷூ

மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் ஞானகுமாரி படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பையில் போடுகிறாள். பையிலிருந்து சேஃப்டி ஷூ வெளியே வருகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் அவள் கணவன் பாஸ்கலுக்குக் கம்பெனி கொடுத்த பழைய ஜோடி. அவள் காலுக்கு மூன்று அளவு பெரியது. முன்பக்கம் இரண்டு பழைய சாக்ஸைத் திணித்து, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, டக் டக்கென்று பஸ் ஸ்டாண்டை நோக்கி நடக்கிறாள். பங்குச் சாமியார் பார்த்தும் பார்க்காததுபோல் உள்ளே போய்விடுகிறார்.

மாதத்தில் ஒரு சனியும் ஞாயிறும் இருவருக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை. அவளுக்கு அதே எஸ்டேட்டில் மாத்திரை பேக்கிங் வேலை. சனிக்கிழமை ஒரு மலை, ஞாயிற்றுக்கிழமை ஒரு கோணை. மலை பிளந்து நடுவே தண்ணீர் ஓடும் இடத்துக்கு ஆந்திர எல்லையில் அப்படித்தான் பெயர். புளிச்சோறு, நாலு அவித்த முட்டை, பேட்டரி இல்லாத ஒரு டார்ச்.

"பேட்டரி இல்லாத டார்ச்சு இன்னாத்துக்குமே?" என்பான் பாஸ்கல்.

"பாம்பு வந்தா அடிக்க."

சும்மா மலையேறப் போகிறார்கள் என்பதை யாரும் நம்புவதில்லை. ஊத்துக்கோட்டை பஸ் கண்டக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார்: "இன்னா வேண்டுதல்மா?" அவளும் முறைக்கு ஒன்று சொல்வாள். "இவருக்கு முடி முளைக்கணும்." அடுத்த மாதம், "எங்க மாமியா வாய் கொறையணும்." பாஸ்கல் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரிப்பான். ஆனால் கேட்பவர் கண்கள் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும். கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. "ஆசைக்கு ஏறுறோம்னா எவனும் நம்ப மாட்டேன்றான். வேண்டுதல்னா எழுந்து சீட்டு குடுக்கறான்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

பக்கத்து போர்ஷன்காரன் என்ற உரிமையில் இந்த மாதம் நானும் தொற்றிக்கொண்டேன். அந்தக் கோணையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏழு மடுக்கள். ஏழாவதை மட்டும் அவள் பார்த்ததில்லை. முதல் தடவை மழை திருப்பி அனுப்பியது. அடுத்த தடவை ஆறாவது மடுவின் விளிம்பில் பாஸ்கலுக்குத் தலை சுற்றிவிட்டது. இப்போது கம்பெனி அவனை ஓசூருக்கு மாற்றியிருக்கிறது, அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்கிறார்கள். "இந்த தபா வுட்டா அவ்ளோதான்" என்றாள்.

மூன்றாவது மடுவருகே ஒரு மரம் நிறையக் குட்டித் தொட்டில்கள். கீழே பூ விற்கும் வடிவு என்ற அம்மாள், கேட்காமலே ஒரு மஞ்சள் துணியை ஞானகுமாரியின் கையில் திணித்தாள்.

"அடுத்த வருசம் மூணு பேரா வரணும் கண்ணு."

"இப்பவே மூணு பேருதான்" என்று என்னைக் காட்டினாள் ஞானகுமாரி.

வடிவு விடவில்லை. "மரத்துல இடமில்ல. மேல எங்க ஒன் மனசு சொல்லுதோ அங்க கட்டு."

எனக்கு அந்த அம்மாள்மேல் கோபமாக வந்தது. ஞானகுமாரியோ துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, வழுக்குப்பாறையில் உட்கார்ந்தபடியே சறுக்கி, "வூஊ" என்று கத்தி, பாஸ்கலையும் இழுத்துத் தண்ணீரில் தள்ளினாள். நான் முட்டைகளைக் காப்பாற்றினேன்.

ஆறாவது மடுவில் ஷூ வாயைப் பிளந்தது. ஊறிப்போன அடிப்பாகம் குதிகாலில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. ஏழாவது மடுவின் தண்ணீர்ச் சத்தம் தலைக்கு மேலே கேட்டது. பாஸ்கல் விளிம்பைப் பார்த்தான், உடனே பாறையில் சாய்ந்துகொண்டான்.

"போதும்மே, எறங்கிடலாம்."

அவள் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பைக் காணோம். ஷூவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு இடுப்பிலிருந்து மஞ்சள் துணியை உருவினாள். ஷூவைச் சுற்றி மூன்று சுற்று. ஒரு முடிச்சு, அதன்மேல் இன்னொன்று. எழுந்து பாறையில் இரண்டு தரம் காலைத் தட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"கண்ண மூடிக்கினு வாய்யா" என்று பாஸ்கலிடம் கையை நீட்டினாள்.