மரமஞ்சளும் கந்தப்புவும்

இணுவில் நிமலினி ஞாயிறு ஆராதனைக்கு இரண்டாவது பாட்டோடுதான் நுழைவாள். அதற்கு முன் ஆய்வுகூடத்தில் தன் கலங்களுக்குச் சாப்பாடு கொடுத்தாக வேண்டும். மனிதரின் சிறுநீர்ப்பையில் வரும் புற்றுநோயின் கலங்கள், உயிரணுக்கள் அவை. பிளாஸ்டிக் குடுவைகளில், உடம்புச் சூட்டில் வளர்ந்தன.

"கொல்லுறதுக்கு இவ்வளவு பாசமாய் வளர்க்கிறது நீ ஒருத்திதான்" என்று கணவன் றூபன் சிரிப்பான்.

போன வருடம் மரமஞ்சள் மூலிகையிலிருந்து பிரித்த ஒரு பொருளை அவற்றுக்கு விட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் நாள், மருந்து விட்ட குடுவையில் கலங்கள் விடாததில் பாதியளவே பெருகியிருந்தன. நிமலினி நம்பாமல் திரும்ப எண்ணினாள். அந்தச் சந்தோசத்தில், வீட்டுக்கு மரக்கறி கொண்டுவரும் கந்தப்புவிடமும் சொல்லிவிட்டாள்.

கந்தப்பு சண்டிலிப்பாய்த் தோட்டக்காரர். ஐம்பது வருடம் புகையிலை நட்டவர், சுருட்டும் புகைத்தவர். அவருக்கும் அதே நோய்தான். கட்டியை வெட்டி எடுத்த பிறகு, கிழமைக்கு ஒரு தரம் ஆஸ்பத்திரியில் சிறுநீர்ப்பைக்குள் மருந்து விட்டார்கள். வெட்கத்தில் அவர் யாருக்கும் சொன்னதில்லை.

ஒரு மாதம் கழித்து வாடிய முகத்தோடு வந்தார்.

"பிள்ளை, நீ சொன்ன மரமஞ்சளை அவிச்சுக் குடிக்கிறன். கிளினிக்கை விட்டிட்டன். எனக்கும் உந்த வருத்தம்தான்."

நிமலினிக்குத் திக்கென்றது. மறுநாளே ஆய்வுகூடப் பேராசிரியரிடம் அனுமதி கேட்டு, கந்தப்புவை அங்கே அழைத்துப்போய், மருந்து விட்ட குடுவையை வைத்த நுணுக்குக்காட்டியின் முன்னால் இருத்தினாள்.

"உதுதானோ அது?"

"ஓம் ஐயா. இஞ்சை நாங்கள் மருந்தை நேரை அதுகளின்ரை மேலை விடுறம். நீங்கள் குடிக்கிறது குடல், ஈரல் எல்லாம் தாண்டி அங்கை எவ்வளவு போய்ச் சேருமெண்டு எங்களுக்குத் தெரியாது. மனிசருக்குக் குடுத்துப் பாக்கேல்லை. அரைவாசிக் கதையைச் சொன்னது என்ரை பிழை."

கந்தப்பு கண்ணை எடுக்கவில்லை.

"இதுகும் சாகேல்லை என்ன? மெல்லமாய் வளருது, அவ்வளவுதான்."

"ஓம், மெல்லமாய்."

கண்ணை எடுத்து நிமிர்ந்தார். "மருந்துக்கு அந்த ரியூப் குழாய் விடேக்கை நோகுது பிள்ளை. வெக்கமாயும் கிடக்கு."

"உங்களோடை நானும் வாறன்."

சொன்னபடியே போனாள். டொக்டர் இருவரையும் சேர்த்து ஏசினார். பிறகு மருந்தைத் திரும்பத் தொடங்கினார். கிழமைதோறும் நிமலினி அரைநாள் லீவு போட்டு வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தாள். அவர் நோவோடு வெளியே வரும்போது பால் விடாத பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தாள். மூன்று மாதம் கழித்துப் பைக்குள் கமெரா விட்டுப் பார்த்ததில் புதுக் கட்டி எதுவும் இல்லை. ஆனாலும் தொடர்ந்து வந்து காட்டச் சொன்னார்கள்.

இப்போது சந்தையில் யாராவது மரமஞ்சள் என்று வாயெடுத்தால் போதும், கந்தப்பு கலம், குடல், ஈரல் என்று தொடங்கிவிடுவார். சுருட்டைத்தான் இன்னும் முழுதாக விடவில்லை, நாளுக்கு ஒன்று. அதற்காக நிமலினியிடம் வாங்கும் ஏச்சு கொஞ்சமல்ல.