கோபம் இல்லை என்று சொன்னவர்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அரிசி மில், லாரி, செங்கல் சூளை என்று சுற்றிவிட்டுக் காஞ்சிபுரத்தில் ஒதுங்கியிருந்தபோது சென்னையிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். ஜனங்கள் எப்படிக் கூட்டமாகிறார்கள், கூட்டமானதும் எப்படிக் கோபப்படுகிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. பட்டு நூல் விலை ஏறி, நெசவாளர்கள் தாலுகா ஆபீசுக்கு ஊர்வலம் போக ஏற்பாடு செய்துகொண்டிருந்த சமயம். வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாளை நிரப்பிவர என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். யார் என்ன சொன்னார்கள் என்பது வெளியே போகக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

விலையேற்றத்தை நினைத்தால் எவ்வளவு கோபம் வருகிறது என்பது ஒரு கேள்வி. எல்லோரும் ரொம்ப என்றார்கள். கடைசி வீட்டு நெசவாளர் மட்டும் தறியைவிட்டு எழாமலே, "கோவம் ஒண்ணும் இல்லபா, பயம்தான் இருக்குது. எல்லாரும் போறாங்கோ, நானும் போவேன்" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஊர்வலக்காரர்கள் கூடுவது டீக்கடையில். கோபத்தை அளக்க வந்தவன் என்று என்னைக் கேலி செய்வார்கள். அன்று ஒருவர், "இன்னா வாத்தியாரே, எங்க தெருவுல யாருக்கு கோவம் கம்மி?" என்று கேட்டபடி பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். எந்த ஊரிலும் யாரும் எனக்கு அப்படி இடம் விட்டதில்லை. கடைசி வீட்டு நெசவாளரைச் சொல்லிவிட்டேன். அவர் பயம் என்று சொன்ன விதத்தை நடித்தும் காட்டினேன். சிரித்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அந்த நெசவாளர் பாவு நீட்டினார். தறியில் ஏற்றுமுன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்துக் கஞ்சி தடவி உலர்த்த வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகாத வேலை. யார் பாவு நீட்டினாலும் அக்கம்பக்கத்தார் வந்து பிடிப்பார்கள். கூப்பிடுகிற வழக்கமே இல்லை. அன்று ஒருவரும் வரவில்லை. கதவுகள் திறந்துதான் இருந்தன. அவரும் மனைவியும் ஆளுக்கொரு முனையில் நிற்க, நடுவில் பாவு தொய்ந்து மண்ணைத் தொட்டது.

நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். பிடிக்கிற விதம் தெரியாததால் ஈர இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவர் திட்டவில்லை.

"உன்கிட்ட மட்டும்தான்பா சொன்னேன்" என்றார்.

ஊர்வலத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவர் அவர்தான். முன்வரிசையில், கழுத்து நரம்பு புடைக்க, தொண்டை கட்டும்வரை கத்தினார். அடுத்த வாரம் அவர் பாவு நீட்டியபோது பத்துப் பேர் வந்து பிடித்தார்கள். டீக்கடை பெஞ்சில் நகர்ந்தவரும் அதில் இருந்தார்.

பயம் என்று சொன்ன மனிதர் இப்படி மாறியது எதனால் இருக்கும் என்று பேராசிரியை ஆர்வமாகக் கேட்டார். தெரியவில்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அன்று மத்தியானமே வாலாஜாபாத் பஸ் ஏறிவிட்டேன்.