கோணல் கட்டங்கள்

ஒரு கையில் கைபேசி, மறு கையில் சாக்பீஸ். பள்ளிக்கூடத்துச் சிமெண்ட் முற்றத்தில் மண்டியிட்டு, படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்க்கிறாள் என் தங்கை.

"டிரைவரண்ணே, அந்தக் கோடு இன்னும் கோணலா இருக்கணும். நீங்க ரொம்ப ஒழுங்கா போடுறீங்க."

"ஒழுங்கா போட்டாலும் திட்டு. நல்ல டீச்சரம்மா," என்று முணுமுணுக்கிறார், கைப்பந்து ஆட வந்த பேருந்து ஓட்டுநர்.

அவள் அந்தப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. பகலில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் நொண்டியாடக் கட்டம் போடும் முற்றத்தில், பள்ளி விட்டபின் அக்கம்பக்கத்தார் கைப்பந்து ஆடுகிறார்கள். கெஞ்சிக் கூத்தாடி அந்த அனுமதியை வாங்கியவள் அவள்தான். பணி முடிந்து வரும் நர்சுகளுக்கும் கடைக்காரர்களுக்கும் வேறு மைதானம் கிடையாது. ஆனால் அவர்கள் ஆடியதில் கட்டங்கள் அழிந்துபோய், காலையில் பிள்ளைகள் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றார்கள். "இன்னொரு பிள்ளை அழுதா, சாயங்காலம் கேட்டைத் திறக்காதீங்க" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இந்த ஏற்பாடு: ஆடுமுன் இவள் படம் பிடிப்பாள், ஆடியவர்கள் அதைப் பார்த்து வரைந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும்.

கழுத்தில் எப்போதும் விசில். வீட்டில் என்னைக் கூப்பிடவும் சில நேரம் அதுதான். "நான் உனக்கு அக்காடி, ஆட்டக்காரி இல்ல" என்றால் சிரிப்பாள். கோபம் வந்தால் மட்டும் ஊதமாட்டாள், விசிலைக் கடித்துக்கொள்வாள்.

போன வாரம் ஓட்டுநர் நல்லது செய்து மாட்டிக்கொண்டார். ஒரு சிறுமி திருப்பிப் போட்டிருந்த 3-ஐ நேராக்கிவிட்டார். மறுநாள் காலை, பள்ளியின் கிழிந்த வலையைத் தைத்து எடுத்துப் போயிருந்தேன். அந்தக் குழந்தை கட்டத்துக்கு வெளியே நின்று, "இது என்னோடது இல்ல" என்று தேம்பிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியை படியிறங்கி வந்தார்.

தங்கை சாக்குப்போக்குச் சொல்லவில்லை. விசிலைக் கடித்தபடியே ஓட்டுநருக்குப் போன் போட்டாள். "அண்ணே, நீங்களே வந்து சொல்லுங்க."

அடுத்த நடைக்குப் பேருந்தை எடுக்குமுன் சீருடையோடு ஓடிவந்தவர், குழந்தையின் முன் குந்தினார். "தப்பு மாமா மேலதான் கண்ணு. அதை அழிச்சிட்டு உன் மூணையே போடு."

குழந்தை போட்டது, பழையபடி திருப்பித்தான். பிறகு, "நீங்க நொண்டுங்க" என்றது.

தொப்பை குலுங்க நொண்டினார். இரண்டாம் கட்டத்திலேயே கோட்டை மிதித்தார். தங்கை விசில் ஊதினாள். "அவுட்ணே."

அடக்கப் பார்த்தும் தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாயங்காலம் திறந்தே வைங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினார்.

இத்தனை நாளும் கேட்டின் ஒற்றைக் கதவை, அதையும் ஓர் ஆள் நுழையும் அளவுக்கே திறந்துவந்தவள், அன்று மாலை மற்றக் கதவின் துருப்பிடித்த தாழ்ப்பாளைக் கல்லால் தட்டித் தூக்கினாள். இரண்டையும் சுவரில் போய் முட்டும்வரை தள்ளினாள்.