கிடாய்க்கு மட்டும்தான் வயதாகுமா?

இந்த ஊரில் கிடாய் விற்க வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றியதும் முதல் வேலையாக ஆட்டின் வாயைப் பிளந்து காட்டுகிறார். நலம் விசாரிப்பு, தண்ணீர், விலை எல்லாம் அதற்குப் பிறகுதான். என் கணவர் குனிந்து பல்லை எண்ணி வயதைக் கண்டுபிடிப்பார். நாலு பல் என்றால் முகம் மலரும். பல் தேய்ந்திருந்தால் கையை உதறிவிட்டு நிமிர்ந்துவிடுவார். பினாங்கில் நான் முழு ஆட்டைப் பார்த்ததே குறைவு. சந்தையில் இலையில் பொதிந்த கறியாகத்தான் அது எனக்குப் பழக்கம். நாமக்கல் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்து நாலு ஆண்டு தாண்டியும் இந்தப் பல் எண்ணும் வேலை எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் பினாங்குத் தோழிகளே, என் வாழ்க்கையைக் காப்பாற்றியதும் அந்த வேடிக்கைதான். சந்தோஷத்தை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அப்பா என்னைக் கப்பலேற்றி, தான் பிறந்த ஊருக்கே மணம் முடித்து அனுப்பினார். எனக்கு இருபத்தெட்டு, மாப்பிள்ளைக்கு நாற்பத்தேழு. முதல் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பெற்ற ஒரே மகள் வாழப்பாடியில் குடித்தனம் நடத்துகிறாள். என்னைவிடச் சில வயதுதான் இளையவள். நல்ல மனிதர் என் கணவர். கடலைக்காடு, கிணறு, நாற்பது ஆடுகள் என்று ஓடிக்கொண்டே இருப்பார். ஆனால் மூன்று ஆண்டுகள் ஆகியும் எனக்குக் குழந்தை இல்லை. கணவரின் அக்காளை இங்கே நங்கை என்று அழைக்க வேண்டும். எங்கள் நங்கை பக்கத்து வீட்டிலேயே இருந்தார், மாதா மாதம் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொள்வார். மூன்றாம் ஆண்டு முடிவில் பேச்சை நேராகவே எடுத்துவிட்டார்.

"நீ கொஞ்ச நாளைக்கு உங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டு வா சாமி. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு புள்ள இருக்குது, பத்தொம்பது வயசு. காட்டுக்கு ஒரு வாரிசு வேணுமில்ல?"

என் அம்மா வீடு கடலுக்கு அந்தப் பக்கம். அங்கே அனுப்பினால் திரும்பக் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். குறை அவரிடமும் இருக்கலாமே என்று வாய்விட்டுக் கேட்டேன். நங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு புள்ளயப் பெத்தவனுக்கு என்ன கொறை? ஆம்பளைக்கு இதுல வயசு எங்கிருக்குது?" என்றார். அந்தப் பிள்ளை பிறந்தபோது அவருக்கு இருபத்து மூன்று வயது என்பதை யாருமே கணக்கில் எடுக்கவில்லை.

ஆணுக்கும் இதில் வயது உண்டு என்பது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் நான் ஆஸ்பத்திரி பரிசோதனைச் சாலையில் குப்பி கழுவி, பெயர்ச்சீட்டு ஒட்டினவள் அல்லவா! ஒரு சீனத் தவுக்கே வருவார், மளிகைக் கடை முதலாளி, வயது ஐம்பதுக்கு மேல். சூடு ஆறக்கூடாது என்று விந்துக் குப்பியைச் சட்டைக்குள் மார்போடு அணைத்துக்கொண்டு, ஏதோ கோழிக்குஞ்சைக் கொண்டுவருவதுபோல் வருவார். வரிசையில் நிற்பவர்களிடம் கூச்சமில்லாமல் வணக்கம் சொல்வார். எண்ணிக்கை குறைவு, இருப்பவையும் மெதுவாகத்தான் நகர்கின்றன, வயதாகிறது என்று டாக்டர் சொன்னபோது, "அப்பா போலே புவாட்" என்றார். என்னதான் செய்வது என்று மலாய்க்காரர் சொல்லும் சொல். சொல்லிவிட்டு அடுத்த தேதி என்றைக்கு என்று கேட்டார். கல்யாணமான புதிதில் இந்தக் கதையை என் கணவரிடமும் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். அந்த மனிதரை நினைத்து நினைத்து இங்கே எத்தனை நாள் பொருமியிருக்கிறேன்! ஒரு குப்பி, ஒரு காலைப்பொழுது, அவ்வளவுதான். ஆனால் நாமக்கல்லில் ஒரு காட்டுக்காரரிடம் அதைக் கேட்பதற்குப் பதிலாக மலையைத் தூக்கச் சொல்லலாம்.

அப்போதுதான் மேச்சேரியிலிருந்து ஒருவர் புதுக் கிடாயோடு வந்தார். வழக்கம்போல் வாய் பிளந்தது, பல் எண்ணியாயிற்று. என் கணவருக்கு ஒரே உற்சாகம். நங்கையும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். இருக்கிற கிடாய்க்கு என்ன கேடு என்று வந்தவர் கேட்டார்.

"வயசாயிருச்சுங்க. பார்வைக்குச் சிங்கமாட்டத்தான் நிக்குது. ஆனா நாப்பது ஆட்டுல பாதிகூடச் சினை புடிக்கல" என்றார் என் கணவர்.

என் நாக்கு என்னிடம் அனுமதி கேட்கவில்லை. "சினை பிடிக்கலைன்னா ஆடுகளை வித்துட்டு வேற ஆடு வாங்க வேண்டியதுதானே? கிடாயை ஏன் குத்தம் சொல்றீங்க?" என்றேன்.

மேச்சேரிக்காரர் சிரித்தார். "பருவத்துக்கு வந்த ஆட்டுல என்னம்மா குத்தம்? கிடாய் கெழடானா..." என்று தொடங்கியவர், என் முகத்தையும் என் கணவரின் நரைத்த மீசையையும் பார்த்துவிட்டு அப்படியே இருமத் தொடங்கிவிட்டார். நங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். என் கணவர் விறுவிறுவென்று காட்டுக்குப் போய்விட்டார். புதுக் கிடாய் வாசலிலேயே நின்றது. தொலைந்தோம் என்று நினைத்தேன். இரண்டு நாள் என்னிடம் பேச்சில்லை. சோறு வைத்தால் தின்பார், எழுந்து போவார். அடுத்த கப்பல் என்றைக்கு என்றுகூட நான் யோசித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "ஏம் புள்ள, சேலத்துக்குப் பொறப்படு. அந்தக் குப்பி சமாச்சாரம் சேலத்துல உண்டா?"

அந்தப் பஸ்ஸில் என் கால் தரையில் பாவவில்லை. சேலத்து டாக்டர் கிறிஸ்தவர். சுவரில் மாதா படம் ஒன்று மாட்டியிருந்தது. விவரத்தைக் கேட்டுக்கொண்டு, குப்பியைக் கொடுத்து, உள்ளறையைக் காட்டினார். என் கணவர் குப்பியைப் பார்த்தார், அறைக்குள் எட்டிப் பார்த்தார், திரும்பி வந்து என் காதில் சொன்னார்: "அங்கயும் அந்தம்மா படம் இருக்குது. எப்புடி?" டாக்டரிடம் நான் என்ன சொல்லி, அந்தப் படத்தை எப்படி வெளியே கொண்டுவந்தேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். நேரில் வரும்போது சொல்கிறேன், வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.

டாக்டர் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். நான் பரிசோதனைச் சாலையில் இருந்தவள் என்று சொன்னதும் என்னையும் பார்க்கவிட்டார். நான் பார்த்துவிட்டு என் கணவரை இழுத்து நிறுத்தினேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். பிறகு போட்டாரே ஒரு கத்தல்!

"நீந்துதுங்க! டாக்டருங்க, நீந்துது!"

வெளியே காத்திருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். டாக்டரும் சிரித்துவிட்டார். "நீந்துது. ஆனா முப்பது வயசுல இருந்த கூட்டம் இப்ப இல்லை, வேகமும் இல்லை. பெண்ணுக்கு ஒரு வயசுல நின்னுபோகுது, அதனால எல்லாருக்கும் தெரியுது. ஆணுக்கு நிக்கிறதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக் குறையுது. அதனால யாரும் கவனிக்கிறதில்லை."

என் கணவருக்குக் கடலைக்காடு நினைவுக்கு வந்துவிட்டது. "பழைய வெதைக்கடலையாட்டமுங்களா? பத்துப் போட்டா மூணு நாலுதான் மொளைக்கும்."

"அதேதான். முளைக்காதுன்னு நான் சொல்லலை. நாளாகும். சுருட்டுக் குடிக்கிறதை விட்டுடுங்க, அந்தம்மாவைக் குறை சொல்லாதீங்க."

வீடு திரும்பியதும் அவர் நேரே அக்காள் வாசலுக்குத்தான் போனார். நான் பின்னாலேயே நின்றேன். "அக்கா, கொறை எம்பட பக்கந்தான். எனக்கு வயசாயிருச்சு. திருச்செங்கோட்டுக்காரங்களுக்கு வேண்டாம்னு சொல்லி அனுப்பீரு" என்றார். நங்கை அழுதேவிட்டார். "வெளிய சொல்லாத சாமி, ஊரு சிரிக்கும்" என்று தம்பியின் வாயைப் பொத்தப் போனார். "சிரிக்கட்டுமே" என்று அவர் உரக்கவே சொன்னார். தோழிகளே, கல்யாணத்தன்று எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அன்றைக்குத்தான் அவர்மேல் ஆசை வந்தது.

அதன் பிறகு பத்து மாதம் ஆயிற்று. ஒவ்வொரு மாதமும் நான் துவண்டபோது, "நாளாகும்னாரில்ல" என்று அவரே எனக்குச் சொன்னார். பதினோராம் மாதம் நாள் தள்ளியது. இப்போது ஐந்து மாதம்! எழுதும்போது உள்ளே உதைக்கிறது!

இதற்கு மேல் ஒரு வேடிக்கை கேளுங்கள். என்னைக் கப்பலேற்றப் பார்த்த அதே நங்கை இப்போது, "மொதப் பிரசவம் தாயூட்டுலதான் பாக்கோணும், வழக்கத்தை மாத்தப்படாது" என்று ஒரே பிடியாக நிற்கிறார். தாய்வீடு பினாங்கு ஆயிற்றே என்றால், "அதுக்கென்ன? கப்பல்ல போயித்தான் ஆகோணும்" என்கிறார். மேட்டூர் அணைக்கு மேல் தண்ணீரைப் பார்த்திராத என் கணவர் தானும் வருவதாகச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் பயணம்.

நேற்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "இதுக்கு இருவது வயசாகறப்ப எனக்கு எழுவத்தி ரெண்டு" என்றார். எனக்கு ஐம்பத்து மூன்றுதான் ஆகியிருக்கும். அவருக்குப் பிறகு நான் எந்த ஊர்க்காரி என்ற பயம் எனக்கு உண்டு. அதை அவரிடமே சொன்னேன். அவர் வேறொன்று கேட்டார்.

"உங்க ஊருல என்னைய என்னன்னு கூப்புடுவாங்க?"

"நாமக்கல்காரர்னு."

"இங்க உன்னையப் பினாங்குக்காரிங்கறாங்க. அப்ப இந்தப் புள்ளயத்தான் ரெண்டு ஊருலயும் வெளியூருன்னு சொல்ல முடியாது" என்று சிரித்தார்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கிளம்பும்போது எல்லோரும் தங்கள் ஊர் இருக்கும் பக்கம் திரும்பி நின்று கையசைப்பார்கள். அவர் கரையைப் பார்த்து நிற்பார், அது நிச்சயம். நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.